விடைக்கு விலை என்ன?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

கைச்செலவுக்குக் காசில்லாத கல்லூரி மாணவன் என்ன செய்வான்? எனக்கு முன்னே படித்த அண்ணன்மார் விடியற்காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார்கள். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முகூர்த்த நாள்களில் கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறினார்கள். நானும் பந்தி பரிமாறியவன்தான். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் ஏது? சென்ற ஆடியில் என் கை அப்படித்தான் வறண்டு கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தேவையும் வந்து சேர்ந்தது. மூன்றாம் பருவச் செய்முறைத் தேர்வுக்கு நல்ல கால்குலேட்டர் ஒன்று வேண்டும். புதிதாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்பாவிடம் கேட்டால் எப்படியாவது தந்துவிடுவார். அந்த 'எப்படியாவது' என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அவர் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். அம்மா பீடி சுற்றுகிறார். முதலாண்டில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் வந்தது உண்மைதான். வந்த கையோடு அது அம்மாவின் குழுக்கடன் தவணைக்குப் போய்விடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் வகுப்புத் தோழன் ஒருவன் தன் கைப்பேசியைக் காட்டினான். "கேள்வி கேட்பான், பதில் சொன்னால் காசு. பேருந்தில் வருகிற நேரத்தில் சம்பாதித்துவிடலாம்" என்றான். வேலை எளிது, முதலீடு இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. கேட்டவுடன் யாருக்குத்தான் ஆசை வராது?

இத்தகைய செயலிகள் எப்படி நடக்கின்றன என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லுகிறேன். சோப்பு விற்பவருக்கும் கார் விற்பவருக்கும் காப்பீடு விற்பவருக்கும், வாங்குபவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். அதைத் திரட்டிக் கொடுப்பதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அவை நம்மைப் போன்றவர்களைச் செயலியில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வித் தொகுப்புக்கும் சில புள்ளிகள் தருகின்றன. புள்ளிகள் ஓரளவு சேர்ந்த பிறகே பரிசுக் கூப்பனாகவோ யு.பி.ஐ. வழியாகப் பணமாகவோ மாற்றலாம். எல்லாமே கைக்குக் காசாக வந்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. 2013-இல் வெளிவந்த 'கூகுள் ஒப்பினியன் ரிவார்ட்ஸ்' நம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தரும் தொகையைப் பிளே ஸ்டோரில் மட்டுமே செலவிட முடியும். அதைக் கொண்டு ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. நான் சேர்ந்தது பணமாகவே தருகிற வேறொரு செயலி.

புள்ளியியல் மாணவன் அல்லவா? முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கிடைத்த தொகை என்று நான்கு பத்திகள். முதல் மாத முடிவில் கூட்டிப் பார்த்தேன். 84 முறை கேள்விகளுக்குள் நுழைந்திருக்கிறேன். அவற்றுள் 61 முறை முதல் சில கேள்விகளிலேயே, "மன்னிக்கவும், இந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். 9 முறை பாதிவரை வரவிட்டு, "தேவையான எண்ணிக்கை நிறைந்துவிட்டது" என்றார்கள். முழுமையாக முடித்தவை 14. ஆறில் ஒன்று. கிடைத்தது 186 ரூபாய். செலவிட்ட நேரம் 19 மணி. மணிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் சுளகில் இருந்து கையை எடுக்காமலே சிரித்தார். "கழிவு உனக்கும் உண்டாலே?" என்று கேட்டார். அம்மா நாள் முழுதும் இலை நறுக்கி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, 25 பீடிக்கு ஒரு கட்டாக அடுக்கி மாலையில் பீடிக்கடைக்குக் கொண்டுபோவார். அங்கே பரிசோதிப்பவர் ஒரு கை அள்ளிப் பார்த்து, சரியில்லை என்று தோன்றியதைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி இல்லை. அம்மாவுக்காவது ஏன் கழித்தார்கள் என்பது தெரியும்: சுற்று தளர்வு, நுனி மடிப்பு சரியில்லை. என்னை ஏன் கழித்தார்கள்?

காரணத்தை நோட்டே காட்டிக்கொடுத்தது. பெரும்பாலும் நான் வெளியேற்றப்பட்ட இடம் ஒன்றே. "உங்கள் குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார்?" என்று ஒரு கேள்வி. "கீழ்க்கண்டவற்றில் உங்கள் வீட்டில் எவை உள்ளன?" என்று அடுத்த கேள்வி. மின் இணைப்பு, மேலே சுற்றும் விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டி.வி., குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கணினி, கார், ஏ.சி., விவசாய நிலம் என்று பதினொன்று. எங்கள் வீட்டில் இருப்பவை நான்கு. அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் அந்தப் பட்டியலில் இல்லை. அப்பாவின் சைக்கிளும் இல்லை.

இது ஏதோ அந்தச் செயலி தானாகக் கண்டுபிடித்ததன்று. நம் நாட்டுச் சந்தை ஆய்வாளர்கள் 2011-இல் கொண்டுவந்த குடும்ப வகைப்பாட்டு முறை இதுதான் என்று நம் துறைப் பேராசிரியர் ஒருவர் விளக்கினார். முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு ஒரு பக்கம், இந்தப் பதினொரு பொருள்களில் எத்தனை உள்ளன என்பது மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்து, ஏ1 முதல் ஈ3 வரை பன்னிரண்டு படிகளில் ஒன்றில் குடும்பத்தை நிறுத்திவிடுவார்கள். என் அப்பா ஐந்தாம் வகுப்பு. ஆகவே என்னிடம் கார் பற்றியோ காப்பீடு பற்றியோ கேட்டு அவர்களுக்கு ஆவதொன்றுமில்லை. கார் விற்பவர் கார் வாங்குபவரைத்தானே கேட்பார்? இதில் அவர்கள் குற்றம் எதுவுமில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் 61 முறை, "உன் தகப்பனார் படிக்கவில்லை, நீ போகலாம்" என்று யாரோ சொல்வதுபோல் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

"நீ ஏண்டா உண்மையைப் போடுகிறாய்?" என்றான் தோழன். "அப்பா எம்.ஏ. என்று போடு. கார் இருக்கிறது என்று போடு. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?"

அன்றிரவே என் சுயவிவரத்தைத் திருத்தினேன். என் அப்பா ஒரே நிமிடத்தில் முதுகலைப் பட்டதாரி ஆனார். தனியார் நிறுவனத்தில் மேலாளர் ஆனார். எங்கள் வீட்டில் ஏ.சி. குளிர்ந்தது. வாசலில் கார் நின்றது. இரண்டாம் மாதக் கணக்கு இதோ: 70 முறை நுழைந்தேன், 35 முறை முடித்தேன். கிடைத்தது 612 ரூபாய். நேரம் 26 மணி. ஆறில் ஒன்று பாதியாக உயர்ந்தது. மணிக்கு இருபத்து மூன்று ரூபாய்க்கு மேல்! படிப்பின் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? படிக்காமலே என் அப்பாவின் படிப்பு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

பொய் சொல்வதற்கும் திறமை வேண்டும் என்பதையும் அந்த மாதம் கற்றேன். பதில்களைப் படிக்காமல் தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பிடிப்பதற்கு அவர்கள் இடையிடையே ஒரு கண்ணி வைப்பார்கள். "இந்த வரியில் 'ஓரளவு உடன்படுகிறேன்' என்பதைத் தொடவும்" என்று இருக்கும். வேறொன்றைத் தொட்டால் போச்சு. முன்னே சொன்ன வயதைப் பின்னே வேறுவிதமாகக் கேட்பார்கள். அதற்காக என் கற்பனை அப்பாவின் வயது, சம்பளம், காரின் நிறம் எல்லாவற்றையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கார் வெள்ளை நிறம்.

இந்த நிலையில்தான் வகுப்பில் கூறெடுப்புப் பாடம் நடந்தது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அதை வைத்து லாண்டன் வெல்வார் என்று அந்த இதழ் எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். தவறு எங்கே? முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார்ப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்தப் பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் இல்லாதவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிலும் பலர் பதில் அனுப்பவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தவறான இடத்திலிருந்து எடுத்தால் தவறான விடைதான் வரும் என்றார் பேராசிரியர்.

வகுப்பே தலையசைத்தது. நானும் அசைத்தேன். ஆனால் என் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. கார் இல்லாதவர்களைக் கேட்காமல் விட்டது அந்த இதழின் பிழை. கார் இல்லாதவனே கார்க்காரர் வரிசையில் போய் நின்றால், அந்தப் பிழைக்குப் பாடநூலில் என்ன பெயர்?

முள் தைத்ததே தவிர நான் நிறுத்தவில்லை. நிறுத்தியது வேறொரு நிகழ்ச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டு, திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னலே, எப்பப் பாத்தாலும் அதுலயே கெடக்க. என்ன கேக்கான்?"

விளையாட்டாகப் படித்துக் காட்டினேன். "கார் வாங்கும்போது நீங்கள் முதலில் கவனிப்பது எது?"

அப்பா எழுந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்வது அவர் வழக்கம். "பின்னால ரெண்டு மூட்டை வைக்க எடம் இருக்கான்னு பாப்பேன்" என்றார். சிறிது யோசித்து, "கதவு அகலமா இருக்கணும். ஒங்கம்மாவுக்கு முட்டு வலி, குனிஞ்சு ஏற முடியாதுல்லா" என்றார். பிறகு, "எழுதிட்டியா?" என்று கேட்டார்.

அங்கே கொடுத்திருந்த விடைகளில் மூட்டையும் இல்லை, முட்டுவலியும் இல்லை. அது மட்டுமன்று. "இதுல நமக்கு ஏற்கெனவே கார் இருக்குன்னு போட்டிருக்கேன்பா" என்று சொல்லவேண்டியதாயிற்று. ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவரை எம்.ஏ. ஆக்கியதையும் சொன்னேன். அந்த ஒரு தொகுப்புக்கு எவ்வளவு என்றார். பதினேழு ரூபாய் என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு ஒரு சாரு வந்தாருல்லா, புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு? அவர் ஒத்தப் பைசா தரலியே" என்றார். பிறகு படுத்துவிட்டார்.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. 2022-23-இல், நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது, நுகர்வுச் செலவு ஆய்வுக்காக ஓர் அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேசிய மாதிரி ஆய்வு என்பது 1950-இல் மகலனோபிஸ் தொடங்கிவைத்தது. ஜூன் 29 அன்று நாம் துறையில் படம் வைத்து மாலை போடுகிறோமே, அவரேதான். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. கையில் ஒரு கையடக்கக் கணினியுடன் வந்த அந்த அலுவலர், மாதம் ஒரு முறையாக மூன்று முறை வந்தார். கடந்த ஏழு நாளில் எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை. கடந்த முப்பது நாளில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு. கடந்த ஓராண்டில் துணி, செருப்பு, ஆஸ்பத்திரி என்று ஒன்றுவிடாமல் கேட்டார். அம்மா டப்பாக்களைத் திறந்து பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

கேள்விகளுக்கு நடுவே குடிச் செலவும் வந்தது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்; என் முகத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று தொகையைச் சொன்னார். அலுவலர் பதிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அவர் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே அப்பா சொன்னார்: "சார், போன தடவை ஞாயித்துக்கிழமை மட்டும்னு சொன்னேன். புதன்கிழமையும் உண்டு. எழுதிக்கோங்க."

அம்மா அன்று இரவு அப்பாவிடம் பேசவில்லை. நான் வெட்கப்பட்டேன். ஊரார் யாரும் ஒப்புக்கொள்ளாததை இவர் ஏன் வலியப்போய்ச் சொல்லவேண்டும் என்று கோபம்கூட வந்தது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்த ஆய்வின் முடிவுகளை இப்போது நூலகத்தில் தேடிப் படித்தேன். நாடு முழுவதும் 2,61,746 குடும்பங்களைக் கேட்டிருக்கிறார்கள். மாதச் சராசரிச் செலவு, ஆளொன்றுக்குக் கிராமத்தில் 3,773 ரூபாய். நகரத்தில் 6,459 ரூபாய். 3,773 என்ற எண்ணை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எண்களில் ஒன்றாக அது எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் எங்கள் வீட்டுப் புளி இருக்கிறது. அம்மாவின் முட்டுவலித் தைலம் இருக்கிறது. என் அப்பாவின் புதன்கிழமையும் இருக்கிறது. பதினோரு பொருள்களில் நான்கு மட்டுமே உள்ள வீட்டை "பொருந்தாது" என்று சொல்லாமல், வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த மனிதர் அந்த மரியாதைக்கு உரிய விடையைக் கொடுத்தார். அவர் மகன், புள்ளியியல் படிக்கிறவன், பதினேழு ரூபாய்க்கு அவரையே மாற்றி எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் சுயவிவரத்தை மீண்டும் திருத்தினேன். படிப்பு: ஐந்தாம் வகுப்பு. தொழில்: சுமை தூக்குதல். கார்: இல்லை. கைப்பேசியில் அதைத் தட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாதக் கணக்கையும் மறைக்காமல் தருகிறேன்: 77 முறை நுழைந்தேன்; 11 முறை முடித்தேன்; 149 ரூபாய். ஆம், வருமானம் விழுந்துவிட்டது. உண்மை சொன்னால் உடனே நன்மை வரும் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

தோழர்களே, இந்தச் செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் சில ரூபாய் வருவது நல்லதுதான். ஆனால் நுழையுமுன் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். உண்மையான ஆய்வு எதுவும் நம்மிடம் பணம் கேட்காது. "முதலில் ஐநூறு கட்டு, ஆயிரமாகத் திருப்பித் தருகிறோம்" என்று குழுவில் சேர்த்து ஆசை காட்டுவது மோசடி. நம் கல்லூரித் தோழர் ஒருவர் அப்படிக் கட்டிவிட்டுப் பருவக் கட்டணத்தை இழந்து நின்றார். அப்படி ஏதும் நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும். கருத்துக் கேட்கும் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு, புகைப்படங்கள் எதற்கு என்று கேட்டுப் பார்த்தே அனுமதி கொடுங்கள். ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லாதீர்கள். மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்த மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நோட்டு உங்களுக்குச் சரியான வழி சொல்லும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். விண்ணப்பம் எது எழுதினாலும், 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற வரியில் பேனா ஒரு கணம் நிற்கும். நிற்கட்டும், ஆனால் உள்ளதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். நாளை நம்மில் சிலர் கையடக்கக் கணினியுடன் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்கும் போகலாம். அன்று நமக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் உண்மையைச் சொல்லவேண்டுமானால், இன்று நாம் சொல்லிப் பழகியிருக்கவேண்டாமா?

கால்குலேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் தம்முடையதை 650 ரூபாய்க்குக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நீ பதில் சொல்லிச் சம்பாரிச்சதாலே?"

"முந்நூத்து முப்பத்தஞ்சு ரூபா பதில் சொல்லிச் சம்பாரிச்சதுப்பா. முந்நூத்துப் பதினஞ்சு ரூபா பொய் சொல்லிச் சம்பாரிச்சது" என்றேன்.

அப்பா மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.